இடது பக்கக் கதவு

1

போன திங்கட்கிழமை காலையில் என் காரைக் கொண்டுபோய் ஒரு கல்தூணில் இடித்தேன். தூணின்மேல் தப்பில்லை. அது நூறு வருடமாக அங்கேயேதான் நிற்கிறது.

ஊரிலிருந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் நலம் விசாரித்த கையோடு, "கார் வைத்திருக்கிறாயாமே" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறார்கள். வைத்திருக்கிறேன். இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டே இருக்கும் ஓர் ஆலை ஊரில், கார் இல்லாமல் வேலைக்குப் போய்வர முடியாது. எனக்கு ஒரு சாய ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் வேலை. பதினாறு வருடமாக அதே மேஜை, அதே நீலச் சாய நெடி. காரும் எட்டு வருடப் பழசு. இதில் பீற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. இருந்தாலும் கேட்டீர்களே என்பதற்காக, அந்தக் காருக்கு ஒரு வாரத்தில் நேர்ந்ததை எழுதுகிறேன்.

எங்கள் தெரு சரிவானது. இரண்டு பக்கமும் கார்களை நிறுத்தி வைத்திருப்பார்கள்; நடுவில் ஒரு வண்டிதான் போகலாம். நான் இறங்கிக்கொண்டிருந்தேன். கீழேயிருந்து சாமான் ஏற்றிய வேன் ஒன்று ஏறி வந்தது. அதன் டிரைவர் ஓரமாக நிறுத்தி, "நீ வா" என்று கையைக் காட்டினான். வந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலையில்லை. நான் ரிவர்ஸ் போட்டுப் பின்பக்கமாக மேலே ஏறினேன்.

ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும், அதிலும் லோடு வண்டி என்றால் பேச்சே கிடையாது என்பது எங்கள் ஊர்ப் பக்கத்துப் போடிமெட்டு மலைப்பாதையின் சட்டம். அந்தச் சட்டத்தை ஒரே ஒரு தடவை மீறி, நன்றாக அனுபவித்திருக்கிறேன். அன்றிலிருந்து எந்த நாட்டுச் சரிவில் எந்த வண்டி ஏறி வந்தாலும் என் கை தானாக ரிவர்ஸுக்குப் போய்விடும். திங்கட்கிழமையும் போனது. யாரோ ஒருவர் வீட்டு வாசல் தூண், காரின் இடது பக்கக் கதவை இரண்டு சாண் அகலத்துக்கு உள்ளே தள்ளிவிட்டது.

இறங்கியதும் தூணைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். இந்த நாட்டில் பதினாறு வருடம் இருந்தால் வாயில் முதலில் வருவது அதுதான். இடது பக்க இருக்கையில் இருந்த என் மகள் மீனா, தெருவில் யாராவது பார்த்துவிட்டார்களா என்று பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவன்தான் நின்னுட்டானே. எதுக்கு அப்பா பின்னாடி போனீங்க?"

அவள் அதை ஆங்கிலத்தில் கேட்டாள். வீட்டில் அவள் பேசுவதெல்லாம் ஆங்கிலம்தான். நாங்கள் தமிழில் பதில் சொல்வோம். இப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது.

2

மீனாவுக்குப் பதினெட்டு வயது. வடக்கே மூன்று மணி நேரப் பயணத் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை விடுதியில் போய்ச் சேர வேண்டும். நான் காரில் கொண்டுபோய் விடுவதாக ஏற்பாடு. இப்போது கதவு மூடவில்லை. மூடாத கதவைக் கயிறு போட்டுக் கட்டி வேலைக்குப் போய்வந்தேன்.

"கயித்தைக் கட்டிக்கிட்டே போயிட்டு வந்துரலாமே, என்ன இப்போ?" என்றாள் என் மனைவி பாக்கியம். அவள் போடிப் பக்கத்து ராசிங்காபுரத்துக்காரி. அங்கே கயிறு கட்டாத வண்டியை அவள் பார்த்ததில்லை.

மீனா உதட்டைச் சுழித்தாள். கூடப் படித்த ஹெலனும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், ஹெலனின் அப்பா காரில் இடம் இருக்கிறது, நான் சிரமப்பட வேண்டாம் என்றாள். நல்லபடியாகத்தான் சொன்னாள். ஆனால் யோசிக்காமல் சொன்னாள். ஏற்கனவே பேசி முடித்துவிட்டாள் என்று தெரிந்தது.

 உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். என் பிள்ளையை நான்தான் கொண்டுபோய் விட வேண்டும். அடுத்தவன் காரில் அவளை ஏற்றிவிட்டு வாசலில் நின்று கையாட்ட என்னால் முடியாது. இந்த வீம்புக்குக் காரணம் பழையது. நான் வீட்டை விட்டுக் கிளம்பிய நாளில் என்னை வழியனுப்ப என் அப்பா வரவில்லை.

"வெள்ளிக்கிழமைக்குள்ள காரைச் சரி பண்ணிருவேன்," என்றேன் மீனாவிடம்.

"எப்படி அப்பா முடியும்?" என்றாள். அவளுக்கு இந்த ஊரைத் தெரியும்.

அன்றைக்கே காப்பீட்டு ஆபீசுக்குப் போனேன். ஒரு படிவத்தைக் கையில் கொடுத்தார்கள். நான்கு பக்கம். "எதிரே வந்த வாகனம் நின்றிருந்ததா?" ஆம். "அப்படியானால் தாங்கள் பின்னோக்கிச் சென்றதன் காரணம்?" மூன்று வரி இடம் விட்டிருந்தார்கள். மேலே ஏறும் வண்டிக்கு வழிவிடுவது எங்கள் மலை வழக்கம் என்று எழுதினேன். மறுநாள் காலையில் ஒரு பெண் போன் செய்து, "எந்த மலை ஐயா?" என்று கேட்டாள். விளக்கினேன். அங்கே விளையும் ஏலக்காய் என்றால் என்ன என்றும் விளக்க வேண்டியிருந்தது. கடைசியில், ஆய்வாளர் வந்து கதவைப் பார்த்த பிறகுதான் யாரும் கை வைக்கலாம், அவர் வரப் பத்து நாளாகும் என்றாள். அதற்கு முன்னால் தொட்டால் அவர்கள் பொறுப்பில்லையாம்.

ஆக எனக்கு மூன்று வழி இருந்தது. காப்பீட்டு ஆபீஸ் கைகாட்டும் பெரிய பட்டறை: பத்து நாளுக்குப் பிறகுதான் ஆரம்பம். கார் கம்பெனியின் சொந்தப் பட்டறை: புதுக்கதவு வர மூன்று வாரம். மூன்றாவது, ரயில் பாலத்தின் வளைவுக்கு அடியில் டெரிக் என்ற ஆள் தனியாக நடத்தும் கொட்டகை. ஆலையில் யாரோ சொன்னார்கள். "வெள்ளிக்கிழமை முடித்துவிடலாம், வானம் ஒத்துழைத்தால்," என்றார் டெரிக்.

கொட்டகை என்றதும் எனக்கு ஒரு பழைய ஜீப்பின் கதவு ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் இடது பக்கக் கதவுதான்.

3

எங்கள் ஊர் சிலமலை. காடு கழனியைப் பார்த்துக்கொண்டு போடிக்குப் போய்வந்து பிழைக்கிற ஊர். அப்பாவுக்குப் போடிமெட்டுக்கு மேலே மலைச்சரிவில் கொஞ்சம் ஏலத்தோட்டமும் இருந்தது. அதற்காக ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய ஜீப் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். மலைக் குளிருக்கு அடக்கமாக அதற்குத் தகரத்தில் கதவு அடித்துப் போட்டிருந்தார். அவர் யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. அந்த ஜீப்பை மட்டும் இரண்டு தடவை புகழ்ந்திருக்கிறார்.

எழுபத்தொன்றில் எனக்கு இந்த நாட்டு வேலை அனுமதி வந்தது. இன்ன தேதிக்குள் வந்து சேர வேண்டும் என்று கண்டிப்பு. எண்ணிப் பார்த்தால் ஆடி மாதத்தில் கிளம்ப வேண்டும்.

"ஆடியில யாராச்சும் பயணம் வைப்பாகளா? ஒரு மாசம் பொறுக்கச் சொல்லி அந்த வெள்ளைக்காரனுக்கு ஒரு காயிதம் போடு," என்றாள் அம்மா.

 நான் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அவர் வாயிலிருந்து வந்தது ஒன்றே ஒன்றுதான். "மதுரை வரைக்கும் நம்ம ஜீப்புலயே போயிரலாம். பஸ்சுல ரயிலுலனு மூட்டையத் தூக்கிட்டு அலைய வேணாம்."

கிளம்பப் பத்துப் பதினோரு நாள் இருக்கும்போது, தோட்டத்து ஆட்களிடம் சொல்லிக்கொண்டு வர நான் ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே போனேன். இறங்கும்போது பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மலையடிவாரத்து முந்தல் ஊருக்கு மேலே ஒரு கொண்டை ஊசி வளைவில், லோடோடு ஒரு ஜீப் ஏறி வந்தது. நான் நின்று பின்வாங்கியிருக்க வேண்டும். சீமைக்குப் போகப்போகிறவன் பின்வாங்குவானா? ரோட்டின் வலது ஓரமாக நுழைந்துவிடலாம் என்று நுழைந்தேன். அந்த ஜீப்பின் பம்பர் என் இடது பக்கக் கதவைச் சப்பித் துப்பிவிட்டது.

"கண்ணு கண்டூடே? ஏறி வர்ற வண்டி தெரியலையாடா?" என்று கேரளப் பக்கத்துத் தோட்டத்து டிரைவர் மலையாளமும் தமிழுமாகக் கத்தினார். அவர் வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கதவை ஒரு சுற்றுப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

எங்கே சரிபண்ணுவது என்று வீடே கூடிப் பேசியது. மதுரையில் கம்பெனிக்காரன் செய்தால்தான் நேர்த்தியாக இருக்கும் என்றார் சித்தப்பா. தேனியில் தனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறான் என்றான் என் மனைவியின் அண்ணன் ராசு. அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அங்கெல்லாம் யாரு போயி உக்காந்து பாக்குறது?" என்று முடித்துவிட்டார். போடியிலேயே பக்கீர் ராவுத்தர் பட்டறை என்று முடிவானது.

இதை இந்தத் தலைமுறைக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் வண்டியைப் பட்டறையில் விட்டுவிட்டு யாரும் வீட்டுக்கு வரமாட்டார்கள். வீட்டு ஆள் ஒருவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை வண்டிக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். அசந்தால் நம் பாட்டரி இன்னொரு வண்டிக்கும், இன்னொரு வண்டியின் வழுக்கை டயர் நம் ஸ்டெப்னிக்கும் வந்துவிடும் என்பது ஒரு காரணம். ஆள் இல்லாத வண்டியின் வேலை நகராது என்பது இன்னொன்று. இதில் ராவுத்தருக்கும் கோபமில்லை. வண்டி உள்ளே நுழைந்ததும் அவர் முதலில் கேட்பதே, "யாருண்ணே உக்காரப் போறது?" என்பதுதான்.

"நான்தான்," என்றார் அப்பா.

4

ஒன்பது நாள் உட்கார்ந்தார். காட்டு வேலையைச் சித்தப்பாவிடம் விட்டுவிட்டு, முதல் பஸ்சில் போடிக்குப் போவார், கடைசி பஸ்சில் வருவார். மத்தியானச் சோற்றை அம்மா கண்டக்டரிடம் கொடுத்துவிடுவாள். தகரத்தைத் தட்டி எடுப்பது நான்கு நாளில் முடிந்துவிட்டது. அதற்குமேல் ஆடிக்காற்று. நான்கு பக்கமும் திறந்து கிடந்த கொட்டகை அது. "இந்தக் காத்துல பெயிண்டு அடிக்க முடியாதுண்ணே. அடங்கட்டும்," என்று தினமும் ஒத்திப்போட்டார் ராவுத்தர். காற்று அடங்கவில்லை.

நான் ஊரில் இருந்த கடைசி ஒன்பது நாளும் அப்பா ஜீப்போடுதான் இருந்தார். ராத்திரி வந்தால் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவார். என்னோடு பத்து வார்த்தை பேசியிருந்தால் அதிகம். பேசட்டும், பேசட்டும் என்று நானும் காத்திருந்தேன்.

கிளம்பும் நாளும் வந்தது. ஜீப் இல்லை. போடியிலிருந்து ரயிலில் மதுரைக்குப் போய், அங்கிருந்து மெட்ராஸ் வண்டி பிடிப்பது என்றானது. துணைக்கு மெட்ராஸ் வரை ராசு வந்தான். ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் பட்டறைக்குப் போனேன். அப்பா ஒரு கவிழ்த்த டின்மேல் உட்கார்ந்து, கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். காலில் விழுந்து எழுந்தேன். தலையைத் தொட்டார்.

"ஸ்டேஷனுக்கு வரலையாப்பா?"

"நீ போ. எனக்கு இங்க சோலி கெடக்கு."

ராவுத்தர்தான் வாசல் வரை வந்து, "நல்லபடியாப் போயிட்டு வாங்க மாப்ளே," என்று கையைப் பிடித்து அனுப்பினார்.

ரயில் கிளம்பும்வரை சன்னலில் பார்த்துக்கொண்டே இருந்தேன். மதுரையிலும் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், எதற்கு என்று தெரியாமல். ஒரு கதவுக்கு இருக்கிற மதிப்பு எனக்கில்லை என்று முடிவுகட்டினேன். இந்த நாட்டுக்கு வந்த முதல் குளிர்காலத்தில், பாக்கியமும் மீனாவும் வந்து சேர்வதற்கு முன், அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நினைத்து அழுதிருக்கிறேன். பிறகு அழுகை நின்றுவிட்டது, நினைப்பு நிற்கவில்லை.

ஆறு வருடம் கழித்து மனைவி மகளோடு ஊருக்குப் போனேன். ஜீப் வாசலில் நின்றது. ஆசையாக இடது பக்கக் கதவில் கை வைத்தால் உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. கதவு முழுக்கப் பெயிண்டுக்குள் மண். ஒன்பது நாள் காவல் இருந்து இதுதானா கிடைத்தது என்று எனக்கு உள்ளூர ஒரு அற்பச் சந்தோஷம்.

"ராவுத்தர் பெயிண்டுல மண்ணையும் கலந்து அடிச்சாரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தேன்.

"அவசரத்துல அடிச்சது," என்றார் அப்பா. கதவைத் துண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போய்விட்டார்.

5

ஆகவே கொட்டகைப் பட்டறைகளின்மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது. பெரிய பட்டறையில் விட்டுவிடுவதே உத்தமம் என்று மனசு சொன்னது. ஆனால் பெரிய பட்டறை சனிக்கிழமைக்குள் முடித்துத் தராது. பாக்கியத்திடம் யோசனை கேட்டேன்.

"பிள்ளை யாரு காருல போனா என்ன? போயிச் சேர்றதுதான முக்கியம்?" என்றவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எங்க வெரசா முடியுமோ அங்க கொண்டு போயி விடுங்க. அந்தப் படிவத்தைக் கட்டி அழுதுக்கிட்டு இருக்க வேணாம்," என்றாள்.

செவ்வாய்க்கிழமை வேலை முடிந்ததும் காரை டெரிக்கிடம் ஓட்டிப் போனேன். விட்டேன். வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதானே? கால் வரவில்லை. ஓரத்தில் கிடந்த பழைய கார் இருக்கை ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

டெரிக் அறுபது வயது ஆள். முக்கால் மணி நேரம் பொறுத்துப் பார்த்தார். பிறகு சுத்தியலைக் கீழே வைத்தார்.

"பஸ் வரவில்லையா?"

"இல்லை, நான் காரோடு இருக்கிறேன்."

"எதற்கு?"

எங்கள் ஊர் வழக்கம் என்றேன். அவர் முகம் சிவந்துவிட்டது. நாற்பது வருடமாகத் தொழில் செய்கிறேன், ஒரு திருகாணியைத் திருடியது கிடையாது என்றார். நான் பதறி, திருட்டுப் பயம் இல்லை, மரியாதைக்காக உட்காருவது என்று சொல்லிச் சமாளித்தேன். "உங்கள் ஊரில் பல் பிடுங்கப் போனால் வீட்டு ஆட்கள் எல்லோரும் கூடவே உட்காருவார்களா?" என்றார். உட்காருவார்கள் என்றேன், உண்மை அதுதானே. அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் ஆலைக்கு லீவு. லீவு விண்ணப்பத்தில் காரணம் என்ற இடத்தில், "காருடன் இருக்க வேண்டும்" என்று எழுதினேன். மேலதிகாரி இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மீனாவுக்குத் தெரிந்ததும் அழாத குறை. "கேவலமா இருக்கு அப்பா. அந்த ஆள் என்ன நினைப்பார்?" அந்த ஆள் வியாழக்கிழமை எனக்கும் சேர்த்து டீ போட்டுவிட்டார் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை, ஹெலனோடு போனில் இருந்தாள்.

வானம் ஒத்துழைக்கவில்லை. இரண்டு நாளாக விடாத தூறல். பள்ளத்தில் பூசிய பட்டி காயவில்லை, அதற்குமேல் அடித்த ப்ரைமர் பூச்சும் காயவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கதவு சாம்பல் நிறத்தில் நின்றது. ஹெலனின் அப்பா சனிக்கிழமை பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு வருவதாகப் பேச்சு. நாளைக் காலை எட்டுக்கு வந்து பெயிண்ட் அடித்துத் தருகிறேன் என்றார் டெரிக். சனிக்கிழமை அவர் கடை திறப்பதில்லை. எனக்காக வருகிறார் என்று புரிந்தது. 

6

சனிக்கிழமை தூறல் விட்டு, நல்ல காற்று. பத்து மணிக்குப் பெயிண்ட் அடித்து முடித்தார். கதவு பளபளவென்று புதுசாக நின்றது. நான் சாவிக்குக் கையை நீட்டினேன்.

"இப்போது எங்கே?" என்றார் டெரிக்.

"வீட்டுக்கு. பிறகு வடக்கே. மூன்று மணி நேரம்."

"கூடாது. இது நாளைக் காலைவரை அசையாமல் நிற்க வேண்டும். இந்தக் காற்றில் ஈரத்தோடு ரோட்டில் எடுத்துப் போனால் பறக்கிற மண்ணெல்லாம் கதவில்தான் வந்து உட்காரும். பிறகு துடைத்தாலும் போகாது. பெயிண்டுக்குள் மண் புதைந்து, கார் இருக்கும்வரை உப்புத்தாளாக இருக்கும்."

நான் நீட்டிய கை அப்படியே நின்றது.

"பட்டறையில் வைத்திருக்கும்போது அப்படி மண் ஒட்டாதா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் ஒட்டும். அங்கொன்று இங்கொன்று."

"கதவு முழுக்கச் சொரசொரப்பாக ஆக?"

"அதற்குத் தெருமுனை வரை போனால் போதாது. ஈரம் காயாமல் எடுத்துக்கொண்டு வெகுதூரம் போக வேண்டும். வேகமாகவும் போக வேண்டும். ஏன் கேட்கிறீர்கள்?"

 பழைய கார் இருக்கையில் போய் உட்கார்ந்துவிட்டேன். போடியிலிருந்து தேனி, ஆண்டிபட்டிக் கணவாய், உசிலம்பட்டி, மதுரை. ஆடி மாதம் அந்த ரோட்டில் கண்ணைத் திறக்க முடியாத செம்மண். எப்போதும் சைக்கிளைவிடக் கொஞ்சம் வேகமாக மட்டுமே ஜீப் ஓட்டுகிற மனுஷன். அவசரத்துல அடிச்சது என்றார். என்ன அவசரம் என்று நான் கேட்கவே இல்லையே. நக்கல் பண்ணத்தான் தெரிந்தது எனக்கு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து சாவியைக் கேட்டேன். டெரிக் மூன்று நாள் உழைப்பை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "நீங்கள் ஒரு முட்டாள்," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்தார்.

வீட்டு வாசலில் ஹெலனின் அப்பா கார் நின்றது. மீனாவின் பெட்டிகளை ஏற்கனவே ஏற்றியாகிவிட்டது. பாக்கியம் கையில் முறுக்கு டின்னோடு படியில் நின்றாள். நான் தெருவில் நிறுத்திவிட்டு இறங்கினேன்.  வேலை உடையில், சட்டையெல்லாம் பட்டித் தூளோடு நின்றேன்.

மீனா வந்து கதவைத் தொட்டாள்.

"தொடாதே!" என்று கத்தினேன். அதற்குள் நான்கு விரல்கள் பதிந்துவிட்டன. விரல் நுனிகளைப் பார்த்துக்கொண்டாள். நீலம்.

"காயலையா?" என்று தமிழில் கேட்டாள்.

"காயலை."

"அப்புறம் ஏன் எடுத்துட்டு வந்தீங்க?"

"பதினொண்ணாயிருச்சே," என்றேன். வேறென்ன சொல்ல?  அவள் என் சட்டையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹெலனிடம் போய் ஏதோ பேசினாள். பெட்டிகள் அந்தக் காரிலேயே போகட்டும், திரும்ப இறக்குவது வேலை, அவள் மட்டும் என்னோடு வருகிறாள் என்று ஏற்பாடானது. கைப்பிடியை மட்டும் இரண்டு விரலால் பிடித்து, ஈரம் படாமல் ஏறி உட்கார்ந்தாள்.

 பாதி வழி தூங்கினாள். ஒரு சரிவில் எதிரே லாரி ஏறி வந்தபோது விழித்துக்கொண்டு, "பின்னாடி போயிடாதீங்க அப்பா," என்றாள். சிரித்தோம். விடுதி வாசலில் நான்கு மணிக்குள் விட்டேன். திரும்பும்போது மூன்று மணி நேரமும் பக்கத்து இருக்கையைப் பார்க்காமல் ஓட்டினேன்.

7

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா சிலமலையிலிருந்து பஸ் ஏறி, போடியில் தெரிந்த ஓர் ஏலக்காய்க் கடைக்கு வந்து என் போனுக்காகக் காத்திருப்பார். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். ஜீப்பை விற்றாகிவிட்டது. காது கொஞ்சம் மந்தம். எங்கள் பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான்: மழை, உடம்பு, ஏலக்காய் விலை. மீனா படிக்கப் போவதை முன்பே எழுதியிருந்தேன்.

நேற்று அந்த ஞாயிற்றுக்கிழமை. மழை, உடம்பு எல்லாம் முடிந்து, காரை இடித்ததையும் பட்டறையில் விட்டதையும் சொன்ன பிறகு கேட்டேன்.

"அப்பா, நான் ஊரை விட்டுக் கெளம்புன அன்னைக்கு, நீங்க ஜீப்பை எடுத்துக்கிட்டு மதுரைக்கு வந்தீங்களா?"

லைனில் இரைச்சல் மட்டும் கேட்டது. காதில் விழவில்லையோ என்று மறுபடியும் கேட்கப் போனேன்.

"யாரு சொன்னா?" என்றார்.

"யாரும் சொல்லலப்பா. அந்தக் கதவுல இருந்த மண்ணை நெனைச்சுப் பாத்தேன்."

"நீ போனப்புறம் ராவுத்தரை அவசரப்படுத்தி அடிக்க வச்சு எடுத்துக்கிட்டு வந்தேன். உசிலம்பட்டி தாண்டுனதும் பஞ்சர் ஆயிப்போச்சு அப்பு. மாத்தலாம்னு ஸ்டெப்னியை எறக்குனா அதுல காத்து இல்ல. ஒம்பது நாளு அதுக்குப் பக்கத்துலயே உக்காந்து காவல் காத்தேன், ஒரு தட்டுத் தட்டிப் பாக்கணும்னு தோணல பாரு. நான் போயிச் சேரயில மெட்ராஸ் வண்டி கெளம்பிருச்சு."

"ஏம்ப்பா இத்தனை வருசமாச் சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? வண்டிதான் போயிருச்சே. வீட்டுல கேட்டதுக்கு, ஜீப்பை ஓட்டிப் பாக்கப் போனேன்னு சொல்லிட்டேன்."

 அவர்தான் பேச்சை மாற்றினார்.

"காரு என்னாச்சு? நல்லாச் செஞ்சானா?"

"செஞ்சாரு."

"கூடவே உக்காந்திருந்தியா?"

"உக்காந்திருந்தேன்ப்பா."

"பெயிண்டைக் காய விட்டு எடுத்தியா?"

சன்னல் வழியாகப் பார்த்தேன். தெருவில் கார் நின்றது. இடது பக்கக் கதவில் வடக்கு ரோட்டு மண் அத்தனையும் இருந்தது, நடுவில் நான்கு விரல் தடமும்.

"இல்லப்பா. காயல."

 கடையில் யாரோ ஏலக்காய் மூட்டைக்கு எடை சொல்லும் சத்தம் கேட்டது.

"பிள்ளைய நேரத்துக்குக் கொண்டு போயி விட்டியா?"

"விட்டேன்ப்பா."

"அப்பச் சரி," என்றார் அப்பா. போனை வைத்துவிட்டார்.